வீட்டுச் செலவில் போன விரல்

காரைக்குடியில், இடிக்கப்படும் பழைய செட்டிநாட்டு வீடுகளின் நிலைக்கதவு, தூண், பீங்கான் ஜாடி போன்றவற்றை வாங்கி விற்கும் ஒரு கடையில் நான் பதினோரு ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். 2022 ஜூன் மாதத்தில் ஒருநாள், ஒன்பதடி உயரப் பர்மா தேக்குக் கதவு ஒன்றை லாரியிலிருந்து இறக்க ஆள் போதவில்லை. பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு நானும் ஒரு முனையைப் பிடித்தேன். கதவு சரிந்ததில், அதற்கும் லாரியின் பின்பலகைக்கும் இடையில் என் வலக்கை ஆள்காட்டி விரல் அகப்பட்டது. நுனிக் கணுவை அரசு மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள்.

எப்படி அடிபட்டது என்று மருத்துவர் கேட்டபோது, உடன் வந்திருந்த முதலாளி, “வீட்டுக் கதவு நசுக்கிவிட்டது” என்றார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அது வீட்டுக் கதவுதான். யார் வீட்டுக் கதவு என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. விபத்துப் பதிவேட்டிலும் அது அப்படியே ஏறியது.

மருந்துச் செலவை அவர் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். புண் ஆறிய பிறகு நான் இழப்பீட்டுப் பேச்சை எடுத்ததும், “தம்பி, நீ எனக்குக் கூடப்பிறந்தவன் மாதிரி. கூடப்பிறந்தவனுக்கு எவனாவது நஷ்டஈடு கொடுப்பானா?” என்று குரல் தழுதழுத்தார். கூடப்பிறந்தவர்கள் பாகம் கேட்டு வழக்காடுவது இந்த ஊருக்குப் புதிதில்லையே என்ற பதில் எனக்கும் தோன்றியது. ஆனால் வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில்தான் தோன்றியது.

ஐந்து பேர் வேலை செய்யும் கடைக்கு, அடிபட்டால் கைகொடுக்கும் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. கிடையாது. எனவே அப்போது நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி, இரண்டு ஆண்டுக் கெடு முடிவதற்குள் மதுரையில் தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனு கொடுத்தேன். அங்கே வேலை பார்த்ததற்கு என்ன ஆதாரம் என்று என் வழக்கறிஞர் கேட்டபோதுதான் எனக்கு வியர்த்தது. கடையில் ஆள் கணக்குக் கூடக்கூடாது என்று முதலாளி சொன்னபடி, என் மாதச் சம்பளம் 16,000 ரூபாயைப் பேரேட்டில் பாலுக்கும் காய்கறிக்கும் கீழே ‘வீட்டுச் செலவு’ என்று பதினோரு ஆண்டுகளாக முத்து முத்தாக எழுதி வந்தவன் நானேதான்.

எதிர்த்தரப்பு மூன்று வாதங்களை வைத்தது. நான் கணக்கெழுதுபவன், உழைப்பாளி அல்ல என்பது முதல் வாதம். லாரியில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை சட்டத்தின் பட்டியலில் இருந்தது. எழுத்து வேலைக்காரர்களை ஒதுக்கி வைத்திருந்த சொற்களும் 2009-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீங்கிவிட்டன. அதனால் அந்த வாதம் நிற்கவில்லை. இரண்டாவது, என் வீட்டிலேயே அடிபட்டது என்பது. என் வீட்டு வாசலின் உயரம் என்ன என்று என் வழக்கறிஞர் கேட்டார். நான் குடியிருப்பது வாடகை ஓட்டு வீடு. வாசல் ஆறடி, அதிலும் நான் குனிந்துதான் நுழைவேன். ஒன்பதடிக் கதவு அதில் எப்படி மாட்டியிருந்தது என்பதற்கு முதலாளி கடைசி வரை பதில் சொல்லவில்லை. லாரி ஓட்டுநரும் வந்து, பார்த்ததைச் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவதுதான் நுட்பமானது: எலும்பு போகவில்லை, விரல் நுனி மட்டும்தான் போனது என்பது. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் வருவாய்த் திறன் இழப்பு 14 சதவீதம், ஒரு கணு போனால் 9, எலும்பு போகாமல் நுனி மட்டும் துண்டானால் 5 என்று சட்டத்தின் அட்டவணை சொன்னது. சம்பளத்தில் 15,000 ரூபாய் வரைதான் அப்போது கணக்கில் வந்தது. அதில் 60 சதவீதமாகிய 9,000 ரூபாயை, நாற்பது வயதுக்குரிய 184.17 என்ற காரணியால் பெருக்கினால் 16,57,530 ரூபாய். அதில் 9 சதவீதம் 1,49,178 ரூபாய். 5 சதவீதம் 82,877 ரூபாய். ஆக, சுண்டைக்காய் அளவுகூட இல்லாத என் எலும்பின் விலை 66,301 ரூபாய். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரு வழக்கறிஞர்களும் வாதாடியபோது, உடம்பில் இருந்த காலத்தில் அந்த எலும்பை நான் ஒருநாளும் மதிக்கவில்லையே என்று வருந்தினேன். படத்தில் கணு இல்லை. 9 சதவீதம் உறுதியாயிற்று.

இதற்கெல்லாம் அசையாத முதலாளியை அசைத்தது ஒரே ஒரு செய்திதான். இழப்பீட்டை ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி உண்டு என்பதை அவருடைய வழக்கறிஞர் பாதி வழக்கில்தான் சொன்னாராம். “ஒரு ரூபாய் வட்டியா? இத்தனை மாதமாக ஓடுகிறதா?” என்று திடுக்கிட்டவர், அதற்குப் பிறகு வாய்தாவே கேட்கவில்லை.

பணம் கைக்கு வந்த மறுநாள் அவரே பேரேட்டைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். என் கையெழுத்தை விட்டால் அந்தக் கடைக்கு வேறு கதியில்லை. பேனாவைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, எந்தத் தலைப்பில் எழுதட்டும் என்று கேட்டேன்.

“எதில் வேண்டுமானாலும் எழுது, தம்பி. வட்டியை மட்டும் தனியாகக் காட்டு” என்றார்.