குதிரையை மனிதனாக நினைத்துப் படித்தேன், நெட் தேர்வு போனது

முந்தாநாள் ரிசல்ட் வந்தது. விலங்கு மரபியலில் நெட் (கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வு) தேறிவிட்டேன், மூன்றாவது முயற்சியில். எத்தனை மணிக்கு எழுவது, எத்தனை மாதிரித் தாள் போடுவது என்றெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் குதிரையின் நோய் எதிர்ப்பு ஜீன்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். போன முறை என்னைக் கவிழ்த்தது அதுதான்.

இம்யூனாலஜியை முழுக்க மனித மருத்துவப் புத்தகத்தில் படித்திருந்தேன். கிருமியின் துண்டைக் காவல் செல்களுக்குக் காட்டும் புரதத்துக்கு டி.ஆர்.ஏ, டி.ஆர்.பி என்று ஜீன்கள் உண்டு. டி.ஆர்.ஏ ஜீன் ஆளுக்கு ஆள் அனேகமாக மாறாது, டி.ஆர்.பி தான் மாறும் என்று மனதில் ஊறிவிட்டது. குதிரைக்கும் அதையே போட்டேன். குதிரையில் டி.ஆர்.ஏவும் மாறும், கழுதையிலும் வரிக்குதிரையிலும்கூட அப்படித்தான். அடுத்து அரேபியக் குதிரைக் குட்டிகளின் ஸ்கிட், அதாவது பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் செல்கள் இல்லாத நோய். மனிதரில் அதிகம் பார்ப்பது எக்ஸ் குரோமோசோம் வழி வருவது என்பதால், ஆண் குட்டிக்கே வரும் என்று போட்டேன். இரண்டும் தவறு, அதற்கு மேல் நெகட்டிவ். கட் ஆஃபுக்கு ஒரு மார்க் குறைந்தது. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

இந்த முறை நோட்டின் நடுவே கோடு போட்டேன். இடப்பக்கம் மனிதன், வலப்பக்கம் குதிரை. வேறுபடுவதை மட்டும்தான் எழுதினேன்:

- எம்.ஹெச்.சி (டி.ஆர்.ஏ, டி.ஆர்.பி எல்லாம் இருக்கும் ஜீன் கூட்டம்): மனிதனுக்கு 6ஆம் குரோமோசோம், குதிரைக்கு 20. குதிரையில் பெயர் இ.எல்.ஏ.
- அரேபிய ஸ்கிட்: டி.என்.ஏ-பி.கே.சி.எஸ் ஜீனில் 5 பேஸ் (டி.என்.ஏ எழுத்து) விடுபட்டது. ஆட்டோசோமல் ரிசஸிவ் (ஆண், பெண் இரண்டுக்கும் வரும், தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் கெட்ட ஜீன் வந்தால்தான்). கண்டுபிடித்தது 1997.
- ஃபெல், டேல்ஸ் போனிகளின் (குட்டைக் குதிரை இனங்கள்) எஃப்.ஐ.எஸ், குட்டிகளுக்கு வரும் நோய் எதிர்ப்புக் குறைபாடு: எஸ்.எல்.சி5ஏ3 ஜீன். ரத்தசோகை, பி செல் (ஆன்டிபாடி உண்டாக்கும் வெள்ளை அணு) குறைவு.
- தாயின் ஆன்டிபாடி: குதிரையில் நஞ்சுக்கொடியைத் தாண்டாது. சீம்பால்தான் வழி.

கடைசி வரியை லேசாக விடாதீர்கள். ஸ்கிட் குட்டி பிறக்கும்போது நன்றாகவே இருக்கும், சீம்பாலில் வந்த ஆன்டிபாடி கொஞ்ச நாள் காக்கும். அது குறையக் குறைய நுரையீரல் தொற்று வரும், பெரும்பாலும் அடினோவைரஸ். ஐந்து மாதம் தாண்டுவது அரிது. டி, பி செல்கள் உருவாக ஜீன் துண்டுகளை வெட்டி ஒட்ட வேண்டும், அதுதான் வி.டி.ஜே சேர்க்கை. அதில் வெட்டிய முனைகள் ஒட்டாததால் டி, பி இரண்டு செல்லும் இல்லை. இதை அந்தக் குட்டியின் கதையாகவே மனதில் வைத்தேன். எனக்குப் பட்டியலைவிடக் கதைதான் நிற்கும்.

அப்புறம் கணக்கு. தாய், தகப்பன் இரண்டும் கேரியர், அதாவது ஒரு கெட்ட ஜீன் இருந்தும் நோய் இல்லாதவை. நோயில்லாத குட்டி கேரியராக இருக்க வாய்ப்பு எவ்வளவு? அவசரத்தில் 1/2 என்று கை போகும். நோயுள்ள குட்டியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் மீதி மூன்றில் இரண்டு, 2/3. இந்த முறை அது வந்தது, அரை நிமிடத்தில் போட்டேன்.