கடற்கரைப் பள்ளியில் தரம் பார்த்தல்

செறிவு தெரிந்த கரைசலைக் கொண்டு இன்னொரு கரைசலின் செறிவைக் கண்டுபிடிப்பதுதான் தரம் பார்த்தல் (டைட்ரேஷன்). ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம், கீழக்கரை பக்கம் மழைக்காலத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற கார வில்லைகளைத் தராசில் வைத்த கொஞ்ச நேரத்தில் நசநசவென்று ஆகிவிடும். காற்றின் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுக்கும் பொருள் அது. அதனால் எடையை நம்பாமல் லிட்டருக்கு 4 கிராமுக்குச் சற்று அதிகமாகவே போட்டுக் கரையுங்கள். காரத்தின் சரியான செறிவைக் கண்டுபிடிக்க உதவும் திட்டக் கரைசலுக்கு (செறிவு துல்லியமாகத் தெரிந்தது) ஆக்சாலிக் அமிலப் படிகம்தான்: 250 மி.லி.க்கு 1.575 கிராம் எடுத்தால் 0.1 நார்மல் (நார்மல் என்பது செறிவின் அலகு).

தண்ணீர்தான் பெரிய தலைவலி. உப்பேறிய கிணற்றுநீரில் காரத்தைக் கரைத்தால் மக்னீசியம் வெள்ளையாகப் படியும். அந்த நீரில் கழுவிய கூம்புக்குடுவையில் அமிலத்தை விட்டால் கால்சியம் ஆக்சலேட் கலங்கும். முடிவுநிலை, அதாவது வினை முடிந்ததைக் காட்டும் நிறமாற்றம், எங்கே தெரியப்போகிறது? எனவே குடுவைக்கு வாலை வடிநீர் (காய்ச்சி வடித்த நீர்) மட்டும். காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடும் பியூரெட்டையும் அமிலத்தை அளந்தெடுக்கும் பிப்பெட்டையும் கடைசியாக அதனதன் கரைசலால் அலச வேண்டும். பியூரெட்டில் நீர் தங்கினால் காரம் நீர்த்து, அளவீடு கூடும். திருகுக்குழாய்க்குக் கீழே நிற்கும் காற்றுக்குமிழும் அளவீட்டைக் கூட்டும்.

நிறங்காட்டியாகக் குடுவையில் பினாப்தலீன் இரண்டு சொட்டுப் போதும். வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் முடிந்தது. பிறகு மங்குவது காற்றின் கார்பன் டை ஆக்சைடால். மாணவர்கள் பதறி இன்னொரு சொட்டு விடுவார்கள், விடக்கூடாது. காரம் ஊற்றிய பியூரெட்டை அன்றே கழுவாவிட்டால் கண்ணாடித் திருகு இறுகிப்போகும்.