இரண்டாம் முறை கேட்ட கேள்வி

அந்த அம்மா முதலில் சொன்ன விடை பூஜ்யம். என் படிவத்தில் இருப்பது ஐம்பது. இவ்விரண்டுக்கும் நடுவே நடந்த சில நிமிடப் பேச்சை நான்கு ஆண்டுகளாக மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஏற்காட்டு மேல்புறக் கிராமங்களில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவிலும் ஒரு மருத்துவர் தங்கியிருந்தால் அதற்காக உங்கள் குடும்பம் மாதந்தோறும் எவ்வளவு செலுத்த முன்வரும் என்பதே கேள்வி. அப்படியொரு மருத்துவரை நியமிக்க யாரும் முடிவெடுத்திருக்கவில்லை. சந்தையில் விலையில்லாத ஒன்றுக்கு மக்கள் தரும் மதிப்பை அறிய, இல்லாத நிலைமையை இருப்பதாகச் சொல்லிக் கேட்பது சுகாதாரப் பொருளாதாரத்தில் நெடுநாள் வழக்கம். 0 முதல் 200 வரை தொகைகள் அச்சிட்ட அட்டையை அவர் கையில் கொடுத்தேன். காப்பிப் பழம் பறித்துக் கறுத்திருந்த கட்டைவிரலை முதல் எண்ணின்மேல் வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை.

பூஜ்யம் என்றால் அடுத்ததாக ஏன் என்று கேட்க வேண்டும். "கவர்மெண்டு ஆஸ்பத்திரியில டாக்டர் தங்குறதுக்கு நான் எதுக்குக் கண்ணு காசு குடுக்கணும்? வெக்க வேண்டியது அவங்கதானே?" என்றார். கையில் பணமில்லை என்று சொல்லியிருந்தால் அது உண்மையான பூஜ்யம், சராசரியில் சேரும். கேள்வியையே ஏற்க மறுத்துச் சொல்லும் பூஜ்யத்துக்கு எதிர்ப்புப் பூஜ்யம் என்று பெயர். அது அவர் அந்தச் சேவையை எவ்வளவு மதிக்கிறார் என்பதைக் காட்டாது என்பதால், அத்தகைய விடைகளைக் கணக்கிலிருந்து விலக்கிவிடுவதே பெரும்பாலான ஆய்வுகளின் நடைமுறை. இந்த விலக்கலுக்கு நியாயம் உண்டு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் விலக்கப்படப் போகிறவர் எதிரே அமர்ந்திருக்கும்போது அந்த நியாயம் போதவில்லை.

ஏனென்றால் செலவுப் பகுதியை அதற்குக் கால் மணி நேரம் முன்புதான் அவரிடம் நிரப்பியிருந்தேன். ஒரு மஞ்சள் பையைக் கவிழ்த்துச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். கணவருக்கு நள்ளிரவில் மார்வலி வந்தபோது 108-க்கு அழைக்கச் சிக்னல் கிடைக்காமல், ஜீப் பிடித்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையும் அந்தப் பையில் இருந்தது. அந்த அட்டை ஜீப் வாடகையைத் தராது, உடனிருந்தவரின் சாப்பாட்டுச் செலவையும் இழந்த கூலியையும் தராது. தோட்டை அடகு வைத்த சீட்டைத் தனியே மடித்து வைத்திருந்தார். அதை மட்டும் என் கையில் கொடுக்கவில்லை.

ஆகவே மறுபடியும் கேட்டேன். களப்பணிக் கையேட்டின்படி கேட்கக் கூடாது; கேட்டேன். "அன்னைக்கு ராத்திரி ஜீப்புக்கு மட்டும் மூவாயிரத்து ஐந்நூறு குடுத்தீங்களேம்மா?" என்றேன்.

"அது குடுத்தது இல்ல கண்ணு. புடுங்கிக்கிட்டது."

சற்று நேரம் கழித்து அவரே, "சரி, நான் எவ்வளவு சொன்னா டாக்டர் தங்குவாரு?" என்று கேட்டார். எந்தத் தொகையையும் நாம் குறிப்பால்கூட உணர்த்தக் கூடாது என்பது விதி. விதியே இல்லாவிட்டாலும் என்னிடம் விடை இல்லை. "உங்க மனசுக்குப் பட்டதைச் சொல்லுங்கம்மா" என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உனக்கு எழுதணும்னா அம்பதுன்னு எழுதிக்க" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். எழுதிக்கொண்டேன்.

அவர் விடுபட்டுப் போகக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று எனக்கு நானே பல முறை சொல்லியிருக்கிறேன். மக்கள் தரும் மதிப்பைக் கூட்டி, அது மருத்துவரை நியமிக்கும் செலவைவிட மிகுதி என்று காட்டினால், அரசிடம் கேட்பதற்கு அது ஒரு வாதம். இரவு மருத்துவர் இல்லாததால் அத்தனை பாடுபட்ட வீடு அந்தக் கூட்டலில் இல்லாமல் போவது எப்படிச் சரியாகும்? ஆனால் அதே எண்ணை எடுத்து, மலைவாசிகள் மாதம் இவ்வளவு கட்டணம் செலுத்தத் தயாராக இருக்கிறார்கள் என்றும் இன்னொருவர் எழுதலாம். அந்தக் கட்டணத்தைத்தான் அவர் மறுத்தார். மறுத்தவரின் பெயரில் நான் ஒப்புதலை எழுதியிருக்கிறேன்.

மருத்துவம் மற்றச் சரக்குகளைப் போன்றதன்று, நோய் வரும் நேரமும் சிகிச்சையின் பயனும் நிச்சயமற்றவை என்று 1963-இல் கட்டுரை எழுதி இத்துறைக்கு அடித்தளமிட்டவர் கென்னத் ஆரோ. 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டிய பின், இயற்கைக்கு நேர்ந்த இழப்பை மதிப்பிட இவ்வகைக் கேள்விகளை நம்பலாமா என்று ஆராய அமெரிக்க அரசு அமைத்த குழுவுக்கு, இன்னொரு பொருளாதார அறிஞரான ராபர்ட் சோலோவுடன் தலைமை தாங்கியவரும் அவரே. கவனமாகக் கேட்டால் நம்பலாம் என்று 1993-இல் சொன்ன அக்குழு, விடை சொல்ல விரும்பாதவருக்கு அதற்கும் இடம் தர வேண்டும் என்றது. என் அட்டையில் அந்த இடம் இல்லை. இருந்திருந்தால் அவர் அதைத் தேர்ந்திருப்பாரா, அல்லது என் முகத்தைப் பார்த்து அப்போதும் ஐம்பது என்றே சொல்லியிருப்பாரா?

"புடுங்கிக்கிட்டது" என்ற அந்தச் சொல்தான் என்னை விடுவதாக இல்லை. நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து தருவது 2013-14-இல் 64.2 விழுக்காடாக இருந்து 2021-22-இல் 39.4 விழுக்காடாகக் குறைந்தது என்று தேசிய சுகாதாரக் கணக்கு சொல்கிறது. குறைந்தது நல்லதுதான், அதை வகுப்பில் மகிழ்ச்சியோடு சொல்லியிருக்கிறேன். மிச்சமிருக்கும் அந்த 39.4-இல் எவ்வளவு தேர்ந்து கொடுத்தது, எவ்வளவு வேறு வழியின்றிப் போனது என்று பிரித்துக் காட்ட எந்தக் கட்டமும் இல்லை. செய்த செலவை விருப்பத்தின் சான்றாகக் கொள்ளப் பழகிய நான், அன்று அந்த ஜீப் வாடகையை அவருக்கு எதிராகவே சான்றாக நீட்டினேன்.

அவரை நீக்கிவிட்டும், அவர் முதலில் சொன்ன பூஜ்யத்தை வைத்தும் தனித்தனியே கணக்கிட்டுப் பார்த்தேன். சராசரி அதிகம் அசையவில்லை. அந்தச் செய்தியில் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. அறிக்கையில் ஐம்பதே போனது. படிவத்தின் ஓரத்தில் அவருடைய கேள்வியைப் பென்சிலால் எழுதியிருந்தேன். தரவு உள்ளிட்டவர் கட்டங்களில் இருந்ததை மட்டும் ஏற்றினார், அது அவருடைய பிழையன்று.

அண்மையில் சேலத்தில் புதிய களப்பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்தபோது, ஒருமுறை சொன்ன விடையை மாற்றும்படி எவரையும் கேட்கக் கூடாது என்று அழுத்திச் சொன்னேன். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "தரமாட்டேன்னு சொல்றவங்களை அப்புறம் கணக்குல சேர்க்க மாட்டோமே மேடம், அப்ப அவங்க சொன்னது எங்க போகும்?" என்று கேட்டாள். காரணத்தை அவர்கள் சொன்ன சொற்களிலேயே ஓரத்தில் எழுதி வையுங்கள் என்றேன். அவள் அதையும் குறித்துக்கொண்டாள்.