ஃபெஸ் நகரில் இரண்டு மாநாடுகளும் ஓர் ஏழாவது அம்சமும்

மொராக்கோவின் ஃபெஸ் நகரில் அரபு நாடுகளின் உச்சி மாநாடு 1981 நவம்பரில் ஒரு முறையும் 1982 செப்டம்பரில் மறுமுறையும் கூடியது. இஸ்ரேலுடனான மோதலைத் தீர்க்க முதல் முறை முன்வைக்கப்பட்ட எட்டு அம்சத் திட்டத்தையும், இரண்டாம் முறை ஏற்றுக்கொள்ளப்பட்ட எட்டு அம்சத் திட்டத்தையும் அருகருகே வைத்து வரிவரியாகப் படித்துப் பார்த்தேன். பெரும்பாலான வரிகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. 1967இல் கைப்பற்றிய நிலங்களை விட்டு இஸ்ரேல் வெளியேற வேண்டும். அங்கே அமைத்த குடியேற்றங்களை அகற்ற வேண்டும். மேற்குக் கரையும் காஸாவும் சில மாதங்கள் ஐ.நா.வின் பொறுப்பில் இருக்க, பிறகு ஜெருசலேமைத் தலைநகராகக் கொண்ட பாலஸ்தீன அரசு அமைய வேண்டும். சண்டை முழுவதும் ஏழாவது அம்சத்தைச் சுற்றியே நடந்தது.

சவூதி பட்டத்து இளவரசர் ஃபஹத் 1981 ஆகஸ்டில் வெளியிட்ட வடிவில் அந்த அம்சம், இப்பிராந்தியத்தின் எல்லா நாடுகளுக்கும் அமைதியாக வாழும் உரிமை உண்டு என்று கூறியது. இஸ்ரேலின் பெயர் அதில் இல்லை. ஆனால் ‘எல்லா நாடுகளும்’ என்பதற்குள் இஸ்ரேலும் அடங்கிவிடுகிறது என்பது எல்லோருக்கும் புரிந்தது. சிரிய அதிபர் ஹாஃபிஸ் அல் அஸத் மாநாட்டுக்கு வரவே இல்லை. நவம்பர் 25 அன்று தொடங்கிய கூட்டத்தை மன்னர் இரண்டாம் ஹசன் சில மணி நேரத்திலேயே ஒத்திவைக்க நேர்ந்தது.

சிரியாவின் மறுப்பை வெறும் பிடிவாதம் என்று எழுதிவிடுவது எளிது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. 1967இல் சிரியா இழந்த கோலான் குன்றுகள் அப்போது இஸ்ரேலின் கையில் இருந்தன. எகிப்து 1979இல் இஸ்ரேலுடன் தனியாக ஒப்பந்தம் செய்துகொண்டு, தான் இழந்த சினாய் தீபகற்பத்தைத் திரும்பப் பெறத் தொடங்கிவிட்டது. அதற்காக அரபு நாடுகளின் கூட்டமைப்பான அரபு லீக் எகிப்தை இடைநீக்கம் செய்து, தன் தலைமையகத்தையே கெய்ரோவிலிருந்து துனிஸுக்கு மாற்றியிருந்தது. இஸ்ரேலை அங்கீகரிப்பது என்பது பேரம் பேசுவதற்கு எஞ்சியிருந்த கைமுதல். நிலத்தை இழந்து நிற்கும் நாட்டைக் கலந்துகொள்ளாமல், இஸ்ரேலுடன் எல்லைத் தகராறு இல்லாத சவூதி அந்தக் கைமுதலை எடுத்துக் கொடுத்துவிடுமோ என்று சிரியா அஞ்சியதில் வியப்பில்லை.

இந்தப் பிளவு ஃபெஸ் நகரில் தோன்றியதும் அல்ல. 1967 நவம்பர் 22 அன்று கைப்பற்றிய நிலங்களிலிருந்து இஸ்ரேல் விலகவும் எல்லா நாடுகளும் அமைதியாக வாழவும் கோரும் 242ஆம் தீர்மானத்தை ஐ.நா. பாதுகாப்புச் சபை நிறைவேற்றியபோது, சினாயை இழந்த எகிப்தும் மேற்குக் கரையை இழந்த ஜோர்டானும் அதை ஏற்றன. கோலானை இழந்த சிரியா நிராகரித்தது. 1973 போரின்போது வந்த, 242ஐச் செயல்படுத்தக் கோரிய 338ஆம் தீர்மானத்தை நிபந்தனையுடன் ஏற்றபோதுதான் சிரியா 242க்கும் சுற்றுவழியாகத் தலையசைத்தது. பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் மறுப்புக்குக் காரணம் வேறு. அகதிகள் பிரச்சினைக்கு நியாயமான தீர்வு என்று பேசிய அந்தத் தீர்மானத்தில் பாலஸ்தீனர் என்ற சொல்லே கிடையாது. தன் மக்களின் பெயரே இல்லாத ஆவணத்தில் எந்த இயக்கம் கையெழுத்திடும்? 1970இல் 242ஐ ஒட்டிய அமெரிக்காவின் போர்நிறுத்த யோசனையான ரோஜர்ஸ் திட்டத்தை எகிப்து அதிபர் நாசர் ஏற்றபோது அவ்வியக்கம் கொதித்தெழுந்தது. கெய்ரோவிலிருந்து நடந்துவந்த அதன் வானொலி ஒலிபரப்பை நாசர் நிறுத்திவிட்டார்.

ஒற்றுமையை அரபு லீக்கின் அமைப்பு விதிகளே கடினமாக்கின. 1945ஆம் ஆண்டு சாசனத்தின் ஏழாவது பிரிவின்படி, ஒருமனதாக எடுத்த முடிவே எல்லா உறுப்பு நாடுகளையும் கட்டுப்படுத்தியது. பெரும்பான்மையால் எடுத்த முடிவு, அதை ஏற்ற நாடுகளை மட்டுமே கட்டுப்படுத்தியது. ஆகவே எவரும் எதிர்க்காத சொல்லைத் தேடுவதே அங்கே ராஜதந்திரமானது.

அந்தச் சொல்லைத் தேடிய பத்து மாதங்களுக்குள் என்னவெல்லாம் நடந்தன! முதல் மாநாடு முறிந்த மூன்று வாரங்களுக்குள், டிசம்பர் 14 அன்று, இஸ்ரேல் தன் சட்டத்தைக் கோலானுக்கு நீட்டித்தது. 1982 ஜூனில் அதன் படைகள் லெபனானுக்குள் நுழைந்தன. ஆகஸ்ட் இறுதியில் பாலஸ்தீனப் போராளிகள் பெய்ரூட் துறைமுகத்திலிருந்து கப்பலேறினார்கள். அதன் பிறகு ஃபெஸ் நகரில் மீண்டும் கூடியவர்களுக்கு ஏழாவது அம்சம் திருத்தி எழுதப்பட்டது: சுதந்திர பாலஸ்தீன அரசு உள்ளிட்ட இப்பிராந்தியத்தின் எல்லா நாடுகளுக்கும் இடையிலான அமைதிக்குப் பாதுகாப்புச் சபை உத்தரவாதம் அளிக்கும். இம்முறை அஸத் வந்தார், ஏற்றார். இஸ்ரேலுக்கு வாக்குறுதி கொடுக்கும் பொறுப்பு அரபுத் தலைநகரங்களிடமிருந்து நியூயார்க்கில் உள்ள பாதுகாப்புச் சபைக்கு இடம் மாறிவிட்டதால் எல்லோராலும் ஒப்புக்கொள்ள முடிந்தது. அதே காரணத்தால், அந்தத் திட்டத்தைத் தோளில் சுமந்து செல்லவும் எவரும் இல்லாமல் போனார்கள் என்று நினைக்கிறேன்.

2002 மார்ச்சில் பெய்ரூட்டில் கூடிய அரபு உச்சி மாநாட்டிலும், எவரும் எதிர்க்காத சொல்லைத் தேடும் அதே உழைப்பைக் காண்கிறேன். சவூதி பட்டத்து இளவரசர் அப்துல்லாஹ் முதலில் பேசியது இஸ்ரேலுடன் உறவுகளை முழுமையாக ‘இயல்பாக்குவது’ பற்றி. சிரியாவுக்கு அந்தச் சொல் கசந்தது; இறுதி ஆவணத்தில் ‘இயல்பான உறவுகள்’ என்று எழுதினார்கள். அரபியில் இரண்டும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். ஆனால் அரபுத் தெருக்களில் முன்னது வசைச்சொல்லாகவே ஒலித்துவந்தது. அகதிகள் தன் மண்ணிலேயே நிலையாகக் குடியமர்த்தப்படக் கூடாது என்று லெபனான் வற்புறுத்தியதால், அகதிகள் ஊர் திரும்புவது பற்றிய ஐ.நா. பொதுச்சபையின் 194ஆம் தீர்மானத்தைக் குறிப்பிடும் வரியோடு, அத்தகைய குடியமர்த்தலை நிராகரிக்கும் வரியும் சேர்ந்தது.

மார்ச் 27 அன்று, மேற்குக் கரையின் ரமல்லாவில் இஸ்ரேலால் முடக்கப்பட்டிருந்த பாலஸ்தீனத் தலைவர் அராஃபத் செயற்கைக்கோள் வழியாக மாநாட்டில் பேச ஆயத்தமாக இருந்தார். தலைமை வகித்த லெபனான் அதிபர் அதற்கு இடம் தரவில்லை; பாலஸ்தீனப் பிரதிநிதிகள் அரங்கை விட்டு வெளியேறினார்கள். அன்றிரவு இஸ்ரேலின் நெதன்யா நகர விடுதி ஒன்றில் யூதர்களின் பஸ்கா பண்டிகை விருந்துக்குக் கூடியிருந்தவர்களிடையே குண்டு வெடித்து 30 பேர் மாண்டார்கள். மறுநாள் அந்த இறுதி ஆவணமான அரபு அமைதித் திட்டம் ஒருமனதாக நிறைவேறியது. அதற்கும் மறுநாள், 29ஆம் தேதி, இஸ்ரேலிய டாங்கிகள் ரமல்லாவில் அராஃபத்தின் வளாகத்துக்குள் நுழைந்தன.