சில்லரும் மாமாவின் திலாப்பியாவும்

"மாப்ள, உன் மெஷின் கத்துது, வா." இதுதான் எங்கள் மாமா, அதாவது என் மாமனார், போன் பண்ணும் லட்சணம். அத்தையின் கெஞ்சலுக்காக அவருக்கு ராத்திரி ஜாகா (காவல்) வேலை வாங்கிக் கொடுத்த நாளிலிருந்து, காங்கிரீட் கலக்கும் பிளான்டில் எது கத்தினாலும் அது என் மெஷின்தான்.

நேற்று பாலத்துக்கு பைல் கேப், அதாவது தூணுக்கு அடியில் வரும் பெரிய காங்கிரீட் கட்டை, போடும் ராத்திரி. பெரிய காங்கிரீட்டைப் பகலில் போட மாட்டார்கள். மலேசியாவில் எங்கள் பத்தாங் பெர்ஜுந்தை வெயிலில் கல்லும் மணலும் கொதித்துக் கிடக்கும். (பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றி வருஷக்கணக்காகிவிட்டது, தெரியும். வெயில் மாறவில்லையே.) இந்த வேலைக்குக் காங்கிரீட்டின் சூடு 32 டிகிரிதான் கணக்கு. தாண்டினால் கன்சல்டன்ட் ஆள் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்துவிட்டு லோரியையே திருப்பி அனுப்பிவிடுவார். அதற்காகத்தான் சில்லர். காங்கிரீட்டில் கலக்கும் குழாய்த் தண்ணீரை 5 டிகிரிக்கு இறக்கிக் கொடுக்கும். ஆனால் தண்ணீரில் சுமார் 4 டிகிரி குறைத்தால்தான் காங்கிரீட்டில் 1 டிகிரி குறையும். இதை மாமாவிடம் ஒருமுறை விளக்கினேன். "அப்ப அந்த மிச்ச மூணு டிகிரியை எவன் எடுத்துக்கிறான்?" என்று கேட்டார். தோட்டத்துக் கிராணியிடம் (கணக்கப்பிள்ளையிடம்) எடை போட்டு வளர்ந்த மனுஷன், வேறென்ன கேட்பார்?

போய்ப் பார்த்தால் பிரஷர் ஏறி சில்லர் தானாக நின்றிருக்கிறது, ஹை பிரஷர் டிரிப். ரீசெட் போட்டால் கொஞ்சம் ஓடும், திரும்ப நிற்கும். சில்லரின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சருக்கு, அதைக் குளிர்விக்கும் கூலிங் டவர் தண்ணீர் போகவில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. சூடு வெளியேற வழியில்லாவிட்டால் பிரஷர் ஏறத்தானே செய்யும். வெளியே லோரிகள் வரிசை பிடித்து நிற்கின்றன, ஆபரேட்டர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என்னையே முறைக்கிறார். தண்ணீர்க் குழாயில் குப்பையைப் பிடிக்கும் சல்லடையை, ஸ்டிரெய்னரை, கழற்றினேன். ஊறிப்போன சவரிமுடி மாதிரி பச்சைப்பாசி ஒரு கொத்து வந்தது. கூடவே சோற்றுப் பருக்கை. பிறகு ஒரு முள்.

டார்ச்சை எடுத்து டவர் தொட்டிக்குள் அடித்தேன். திலாப்பியா! உள்ளங்கை அளவில் ஒன்று நின்று நிதானமாக என்னைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போயிற்று.

"டெங்கிக்காரன் வந்து கொசுப்புழு இருக்குன்னு 500 வெள்ளி சம்மன் எழுதினா நீ கட்டுவியா?" என்று மாமா கேட்டார். நியாயம்தான். ஆனால் கொசுவுக்கும் பாசிக்கும் மருந்து ஊற்றத்தானே டோசிங் பம்பு வைத்திருக்கிறோம்? அதன் வால்வு இறுக்கி மூடிக் கிடந்தது. "அது மீனுக்கு ஆகாது மாப்ள."

ஏற்கெனவே அவருக்கு அந்த சுடுதண்ணி டேங்கின் மேலும் கண். சில்லரும் ஹீட்டரும் சேர்ந்த செட், ஏதோ குளிர் தேசத்திலிருந்து பழசாக வந்தது. அங்கே பனியில் காங்கிரீட் உறையாமல் இருக்கத் தண்ணீரைச் சுடவைத்துக் கலப்பார்களாம். இங்கே எதற்கு? ஆனாலும் மாதா மாதம் ஹீட்டர் காயிலை நான் டெஸ்ட் பண்ணியாக வேண்டும். செக்லிஸ்ட்டில் 'உறைபனிப் பாதுகாப்பு' என்றுகூட ஒரு கட்டம் இருக்கிறது. செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் வியர்வை வழிய உட்கார்ந்து அதில் 'சரி' என்று எழுதுகிறேன். மாமாவோ, டூட்டி முடிந்து குளித்துவிட்டுப் போக அதைப் பற்றவைத்துக் கொடு என்று நச்சரிக்கிறார்.

சரி, பாசியை அள்ளி, ஸ்டிரெய்னரைக் கழுவி, தொட்டித் தண்ணீரை மாற்றி ஓட்டியதும் பிரஷர் இறங்கியது. லோரிகளும் நகர்ந்தன. மீன்களை மாமா சிமெண்டு வாளியில் பிடித்துக் கொண்டுபோய்விட்டார். இப்போது அவை எங்கள் வீட்டுக் குளியலறைத் தொட்டியில். என் மனைவியிடம் நீங்களே கேளுங்கள், எனக்குத் தைரியமில்லை.

ரிப்போர்ட்டில் 'பழுதுக்கான காரணம்' என்ற இடத்தில் என்ன எழுதுவது? மாமனார் என்று எழுத முடியுமா? 'கூலிங் டவரில் உயிரினப் படிவு' என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. இனி தினமும் யாராவது டவரைப் பார்வையிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு. ராத்திரியில் அங்கேயே இருப்பவர் யார்? ஜாகாதான்.

காலையிலேயே மாமா போன் பண்ணிவிட்டார். அந்தக் கையெழுத்துக்கு அலவன்ஸ் உண்டா என்று கேட்கிறார்.