எக்செலில் மைனஸ் நேரம்: ##### வந்தால் நெடுவரிசையை இழுத்துப் பயனில்லை

குழுவின் வேலைநேரக் கணக்கு என் கைக்கு வந்தபோது கோப்பில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. வந்த நேரம், கிளம்பிய நேரம், வேலை பார்த்த நேரம் எதிலும் குறையில்லை. ஆனால் 'மிச்சம்' (பார்த்த நேரத்தில் பார்க்க வேண்டிய நேரத்தைக் கழித்தது) என்ற நெடுவரிசையில் பாதி செல்களில் #####. கூடுதலாக வேலை பார்த்த நாளுக்கு 0:40, 1:15 என்று சரியாகக் காட்டிய எக்செல், நேரம் குறைந்த நாளுக்கெல்லாம் வேலி போட்டு அடைத்து வைத்திருந்தது.

கணினி உதவிப் பிரிவில் கேட்டால், "அகலம் பத்தலை, இழுத்து விடுங்க" என்றார்கள். இழுத்தேன். இழுத்த தூரம் முழுக்க # நிரம்பியது. அந்தச் செல் மேல் மவுஸை வைத்தால், மைனஸாக உள்ள தேதியும் நேரமும் இப்படித்தான் தெரியும் என்று எக்செலே ஒரு குறிப்பு காட்டுகிறது. அதைப் படித்துக் காட்டிய பிறகு வந்த பதில்: "அப்போ எக்செல்ல மைனஸ் நேரம் வராதுங்க, கையால போட்டுக்குங்க." எத்தனை பேரின் சம்பளக் கணக்கு இதில் தொங்குகிறது என்று தெரிந்தும் இப்படிச் சொன்னது இன்னும் உறுத்துகிறது.

மைனஸ் நேரம் உள்ளே சரியாகவே இருக்கிறது. எக்செலுக்கு ஒரு நாள் என்றால் 1. ஒரு மணி நேரம் அதில் 24-ல் ஒரு பங்கு. எட்டு மணி நேரம் பார்க்க வேண்டியவர் 7:15 பார்த்தார் என்று வையுங்கள். அந்த ##### செல்லின் வடிவத்தை, வெறும் எண்ணாகக் காட்டும் 'ஜெனரல்' ஆக்கினால் -0.03125 தெரியும். அதை ஒரு நாளின் நிமிடங்களான 1440-ஆல் பெருக்கினால் -45 நிமிடம். கணக்கு துல்லியம், திரையில் காட்டத்தான் மறுக்கிறது. அந்த ##### செல்களைச் சேர்த்துக் கூட்டினாலும் கூட்டுத்தொகை சரியாக வரும்.

இதற்குள் கூடப் பணிபுரியும் ஒருவர், எங்கோ படித்த ஒரு யோசனையைப் பொதுக் கோப்பிலேயே செய்துவிட்டார். ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, அதில் '1904 தேதி முறை' என்ற கட்டத்தில் ஒரு டிக். அடுத்த நொடி ##### எல்லாம் -0:45, -1:30 என்று மாறின. எல்லோருக்கும் சந்தோஷம். தேதிகளை யாரும் பார்க்கவில்லை.

வழக்கமான எக்செல் 1900 ஜனவரி 1-லிருந்து நாட்களை எண்ணுகிறது. பழைய மேக்கின்டோஷ் எக்செல் 1904-லிருந்து எண்ணியது; அந்த முறையில் மைனஸ் நேரம் தெரியும். ஆனால் டிக் போட்டதும் கோப்பில் ஏற்கெனவே உள்ள ஒவ்வொரு தேதியும் 1462 நாள், அதாவது நான்கு வருடமும் ஒரு நாளும், முன்னால் தாவிவிடும். 2024 மார்ச் 4 என்றிருந்தது 2028 மார்ச் 5 ஆனது. திங்கட்கிழமை ஞாயிறானது. கிழமையை வைத்து விடுமுறை கணக்கிடும் ஃபார்முலா முழுக்கக் கலைந்தது.

டிக்கை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பழைய வரிசைகள் சரியாகிவிட்டன, உண்மை. ஆனால் இடைப்பட்ட நாட்களில் புதிதாகத் தட்டிய தேதிகள் பின்னால் போய்விட்டன. 2024 மார்ச் 11 என்று போட்டது 2020 மார்ச் 10 ஆக நின்றது. இதைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது: காலிச் செல் ஒன்றில் 1462 என்று அடித்துக் காப்பி செய்யுங்கள். கெட்டுப்போன தேதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, பேஸ்ட் ஸ்பெஷலில் 'வேல்யூஸ்', 'ஆட்' இரண்டையும் தேர்ந்து ஒட்டுங்கள். எது கெட்டது, எது நல்லது என்று பிரிப்பதற்குத்தான் உயிர் போயிற்று. தேதியே இல்லாத புதுக் கோப்பு என்றால் 1904 பரவாயில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கோப்பில் தொடவே தொடாதீர்கள்.

அப்புறம் எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்று உண்டு: மைனஸாக இருந்தால் குறியை நீக்கி, எண்ணை எழுத்தாக மாற்றும் 'டெக்ஸ்ட்' ஃபங்ஷன் வழியாக முன்னால் ஒரு '-' ஒட்டிக் காட்டுவது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது எண் இல்லை, எழுத்து. 2:00, 1:00, -1:30, -0:45 என்ற நான்கையும் கூட்டினால் 0:45 வர வேண்டும். கூட்டும் ஃபங்ஷனான 'சம்' எழுத்தைக் கண்டுகொள்ளாது; 3:00 என்று காட்டிவிடும், எந்த எச்சரிக்கையும் இல்லாமல். இடம், வலம் என்று எந்த அலைன்மென்ட்டும் நீங்கள் போடாமலே செல்லில் இடப்பக்கம் ஒட்டி நிற்கிறதா பாருங்கள். நின்றால் அது எழுத்தாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

வகுத்து மீதியைத் தரும் 'மாட்' ஃபங்ஷனையும் சிலர் சொன்னார்கள். இரவுப் பணிக்கு அது அருமை: 22:00-க்கு வந்து 6:00-க்குப் போனவருக்குக் கழித்ததை 1-ஆல் 'மாட்' செய்தால் 8:00 கிடைக்கும். அங்கே மைனஸ் வருவது நள்ளிரவைத் தாண்டியதால் மட்டுமே. அதையே மிச்சக் கணக்கில் போட்டால் அரை மணி நேரக் குறை 23:30 கூடுதலாகிவிடும்.

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது மிக எளிமையான ஏற்பாடு. மிச்சத்தை நேரமாகவே வைக்கவில்லை. பார்த்த நேரத்திலிருந்து பார்க்க வேண்டிய நேரத்தைக் கழித்து, 1440-ஆல் பெருக்கி, 'ரவுண்ட்' போட்டு நிமிடமாக வைத்துவிட்டேன். செல் வடிவத்தை 'நம்பர்' என்று மாற்ற வேண்டும். மறந்தால் மறுபடி ##### வரும். கூட்டல், சராசரி, மைனஸுக்குச் சிவப்பு நிறம் எல்லாம் இந்த நெடுவரிசையில்தான். அச்சிட மட்டும் பக்கத்தில் இன்னொரு நெடுவரிசை. அதில் அந்த '-' ஒட்டும் ஃபார்முலா. அதை யாரும் கூட்டக் கூடாது என்று தலைப்பிலேயே எழுதியிருக்கிறேன். அந்த ஃபார்முலாவில் மணிக்கான எழுத்தான h-ஐச் சதுர அடைப்புக்குறிக்குள், [h] என்று போடுங்கள். போடாவிட்டால் 30 மணி நேரக் குறை -6:00 என்று தெரியும்.

கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரெஆபீஸ் கால்கிலும் இந்தத் தொல்லை இல்லை. செல் வடிவத்திலும் மணியை இதே மாதிரி [h] என்று வைத்தால் மைனஸ் நேரம் அப்படியே தெரிகிறது. எக்செல் கோப்பை அங்கே திறந்து காட்டிய பிறகுதான் உதவிப் பிரிவு, கணக்கில் தப்பில்லை என்று ஒத்துக்கொண்டது. சம்பளப் பிரிவுக்கு அனுப்பும்போது மட்டும் நிமிடத்தை 60-ஆல் வகுத்து மணியாக அனுப்புகிறேன். -1.75 என்றால் ஒன்றே முக்கால் மணி நேரம், 1:75 இல்லை என்று தாளின் மேலேயே எழுதிவிடுகிறேன்.