கால் முளைக்காத தலைப்பிரட்டைகள்

பெங்களூரில் எனக்குத் தண்ணீர் மாதிரி எடுக்கும் வேலை. தொட்டபல்லாப்பூர், தேவனஹள்ளி பக்கம் திராட்சைத் தோட்டங்களின் பண்ணைக்குட்டைகள்தான் பெரும்பாலும் என் பங்குக்கு வரும். பாட்டிலில் தண்ணீரை முகந்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, படிவத்தை நிரப்பி ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: "செத்த மீன், தவளை தென்பட்டதா?" வருடக்கணக்காக "இல்லை" என்றே எழுதிவந்தேன். பொய் எழுதவில்லை. செத்து மிதந்த எதையும் நான் பார்த்ததில்லை.

ஒரு ஆனி மாத மழைக்குப் பிறகு போனபோது, மருந்து அடிக்கும் அண்ணன் குட்டையோரம் உட்கார்ந்து தெளிப்பான் டேங்கை அலசிக்கொண்டிருந்தார். கிருஷ்ணகிரிக்காரர். மஞ்சள் கலங்கல் தார்ப்பாய் சரிவில் வழிந்து தண்ணீரில் இறங்கியது. அது இறங்கிய இடத்திலேயே தலைப்பிரட்டைகள் கறுப்புக் கறுப்பாய் மொய்த்துக் கிடந்தன.

"ஏண்ணா, இங்கயே கழுவுறீங்க?"

"இது பூச்சி மருந்து இல்ல தங்கச்சி, எம்-45. திராட்சையில வர்ற அடிச்சாம்பல் நோய்க்கு அடிக்கிற வெறும் பூஞ்சாண மருந்து. உசுர ஒண்ணும் பண்ணாது."

எனக்குப் பதில் வரவில்லை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அன்று ராத்திரி படிக்க ஆரம்பித்தேன். பூஞ்சாணத்துக்கு என்று விற்பதெல்லாம் பூஞ்சாணத்தோடு நிற்பதில்லை. ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட சோதனையில், பைராக்ளோஸ்ட்ரோபின் கலந்த ஒரு பூஞ்சாண மருந்தை லேபிளில் போட்ட அளவிலேயே இளந்தவளைகள் மேல் தெளித்தார்கள். ஒரு மணி நேரத்தில் அத்தனையும் செத்தன. தவளைக்குத் தோல்தான் பாதி மூச்சு. மேலே பட்டது உள்ளே போய்விடும்.

எம்-45 என்பது மேன்கோசெப். அது செய்வது வேறு வகை. தண்ணீரில் சிதைந்து எத்திலீன் தயோயூரியா ஆகிறது; அது தைராய்டு சுரப்பைத் தடுக்கும். தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் சுருங்குவதும் கால் முளைப்பதும் தைராய்டு இட்ட கட்டளைப்படி நடப்பவை. 1912-லேயே குடெர்நாட்ச் என்ற ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரைத் தைராய்டை ஊட்டி, ஈ அளவு தவளைகளை நாளுக்கு முன்னாலேயே உருவாக்கிக் காட்டியிருக்கிறார். சுரப்பு குறைந்தால் தலைப்பிரட்டை சாகாது, தலைப்பிரட்டையாகவே நின்றுவிடும். அதனால்தான் ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு 2009-ல் வகுத்த சோதனை முறையில் 21 நாள் காத்திருந்து பின்னங்காலின் நீளத்தை அளக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் மேன்கோசெப்பைக் கைவிட்டதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, அது ஹார்மோனைக் குலைக்கிறது என்பது.

நாலாவது வாரம் அந்தக் குட்டைக்கே போய்க் குனிந்து பார்த்தேன். எல்லாம் உயிரோடுதான் இருந்தன. வால் தடித்து, வயிறு உப்பி, வழவழவென்று ஓடின. ஒன்றைக் கையில் அள்ளி வெளிச்சத்தில் திருப்பினேன். வாலடியில் கடுகளவு மொட்டுகூட இல்லை. இரண்டு தோட்டம் தள்ளி, மருந்தே அடிக்காத ராகி வயலோரக் குட்டையில் அதே மழைக்குப் பிறந்தவை பின்னங்காலை உதைத்து நீந்தின. சில கரையேறிவிட்டிருந்தன. ஒரு குட்டையை வைத்து மருந்துதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. தண்ணீரின் சூடு, தீனி, நெருக்கம் எல்லாமே கணக்கு. ஆனால் கோடையில் அந்தக் குட்டை வற்றும். கால் இல்லாதது எங்கே போகும்?

அண்ணனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்திருந்தவர், டேங்கைத் தூக்கிக்கொண்டு வரப்புக்கு அந்தப் பக்கம் போனார்.

படிவத்தில் இன்னமும் அந்த ஒரு கட்டம்தான். "இல்லை" என்று எழுதிவிட்டு, ஓரத்தில் பென்சிலால் குறிக்கிறேன்: எத்தனையாவது வாரம், கால் உண்டா.